ஜெயிச்ச நாளுக்கு லீவு விடலாமா?

போன ஆகஸ்டில், மெர்டேகாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நம் செனாவாங் கிளையில் ஒரு பட்டிமன்றம் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில். தலைப்பு: “போரில் பெற்ற வெற்றியைத் தேசிய விடுமுறையாக்கலாமா?” வழக்கமாக நாம் எடுப்பதெல்லாம் கைப்பேசி நன்மையா தீமையா, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்கிற வகைதான். மூன்று வருடம் அதையே பேசிச் சலித்துப்போய், இந்தத் தடவை வேற ஏதாவது எடுப்போம் என்று ஒருவர் சொல்ல, இது வந்து மாட்டியது. “ஆக்கலாம்” அணிக்கு நான் தலைவன்.

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பைக் கேட்டதும் எங்கள் அணியில் எல்லாருக்கும் தோன்றியது சம்பளம்தான். செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், பொது விடுமுறையில் வேலைக்குப் போனால் மூன்று மடங்கு. “இன்னொரு பப்ளிக் ஹாலிடே வந்தா யாருக்குக் கசக்கும்?” என்று சிரித்துக்கொண்டுதான் குறிப்பு எழுதவே உட்கார்ந்தோம்.

தேடத் தேட விஷயம் கனமானது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி நம் நாட்டில் சம்பளத்தோடு கொடுக்க வேண்டிய பொது விடுமுறை 11 நாள். அதில் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். ஐந்தில் ஒன்றுகூடப் போரில் ஜெயித்த நாள் இல்லை. 1957 சுதந்திரம் பேசி வாங்கியது.

ஆனால் நாடு ஜெயித்த போர் ஒன்று உண்டு. 1948-இல் அறிவித்த அவசரகாலம், கம்யூனிஸ்டுகளோடு 12 வருடம் நடந்த சண்டை, 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. அந்த ஜூலை 31-தான் வீரர் தினம், ஹரி பஹ்லாவான். அன்றைக்கு லீவு கிடையாது. நான் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேரிடம் கேட்டேன், ஒருத்தருக்கும் தேதி தெரியவில்லை. இதைத்தான் மேடையில் வைத்தேன். லீவு என்பது தூங்குவதற்கு மட்டும் கொடுப்பதா? சின்னப் பிள்ளை காலையில் எழுந்து “ஏம்மா இன்னிக்கு ஸ்கூல் இல்ல?” என்று கேட்கும். அதற்கு அம்மா ஒரு பதில் சொல்லியாக வேண்டும். தோட்டத்துக்குக் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவர் ராத்திரியில் செத்துப்போன கதை அந்தப் பதிலில் வரும். லீவு இல்லையென்றால் கேள்வியே வராது, அவரும் வரமாட்டார். இதைச் சொன்னபோது கைத்தட்டல் நன்றாக வந்தது. இன்றைக்கும் அந்த வாதத்தில் சரக்கு இருப்பதாகத்தான் நினைக்கிறேன்.

எதிரணித் தலைவி சட்டம் படிக்கிற தங்கச்சி. அவள் எழுந்து பத்தாங் காலியைச் சொன்னாள். 1948 டிசம்பரில் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதம் இல்லாத 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை கேட்டு உறவினர்கள் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-இல் தோற்றார்கள். பிறகு தொழிற்சங்கத் தலைவர் கணபதியைச் சொன்னாள். 1949 மே 4, புடு சிறையில் தூக்கு. “அண்ணன் சொன்ன மாதிரி ஜூலை 31 லீவு விட்டா, அந்த 24 பேரு வீட்டுப் பேரப்பிள்ளைங்களும்தான் ‘ஏன் ஸ்கூல் இல்ல’ன்னு கேப்பாங்க. அவங்க வீட்டுல என்ன பதில் சொல்றது?” என்றாள். நான் விடவில்லை. “அது போருல நடந்த தப்பு. அதனால வெற்றியே தப்பாயிடுமா?” என்றேன். அதற்கும் கைத்தட்டல்.

எங்களுக்குக் கோப்பையை வாங்கித் தந்தது என் பேச்சு இல்லை, சபையில் இருந்து வந்த ஒரு பொடியனின் கேள்வி. படிவம் ஒன்றோ இரண்டோ படிக்கிறான். கையைத் தூக்கி, “அண்ணே, தீபாவளியே நரகாசுரனைக் கொன்ன நாள்தானே? அதுக்கு மட்டும் லீவு இருக்கே?” என்றான். மண்டபம் சிரித்தது. நான் மைக்கைப் பிடுங்காத குறையாக, “அதேதான்! அதுதான் எங்க அணி பாயின்ட்!” என்று கத்தினேன். நடுவர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கோப்பையைக் கொண்டுபோய் வீட்டில் ஐஸ்பெட்டி மேல் வைத்தேன். என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு 87 வயது. மண்டபத்தில் மதியச் சாப்பாடு உண்டு என்பதால் அவரையும் கூட்டிப் போயிருந்தோம். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “நல்லாத்தான் பேசுனய்யா. ஆனா நான் ஒரு ஜெயிச்ச நாளப் பாத்திருக்கேன்” என்றார்.

பாட்டி பிறந்தது இன்று தொழிற்சாலைகள் நிற்கிற பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்தில். 1943-இல் ஜப்பான்காரன் அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனான். மூன்று மாசம்தான், சம்பளம் உண்டு, அரிசி உண்டு என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் காலரா, மலேரியா, பட்டினி, அடி என்று கொத்துக் கொத்தாகச் செத்த கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதென்றால் உங்கள் வீட்டில் வயதானவர்களிடம் கேளுங்கள், எந்தத் தோட்டத்துக் குடும்பத்தைத் தொட்டாலும் ஒரு சயாம் கதை இருக்கும்.

1945-இல் ஜப்பான்காரன் சரணடைந்தான். பாட்டிக்கு ஏழு வயது. “பெரட்டுக் களத்துல கொடி ஏத்துனாங்க. பிள்ளைங்களுக்கு முட்டாயி குடுத்தாங்க. ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சுன்னு கிராணி சத்தம் போட்டாரு. அன்னிக்குப் பால்வெட்டு இல்ல, லீவு” என்றார். தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போது அப்பா போனவர்; இப்போது அவன் ஓடித் திரிகிறான். பாட்டியின் அம்மா லயத்து வாசலில் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். போர் முடிந்தது என்றால் ஆள் வருவார் என்று அர்த்தம். ஒருவர் இருவராகச் சில பேர் வந்தார்கள், எலும்பும் தோலுமாக. இவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

“எங்கம்மா பதினோரு வருசம் அந்தக் குங்குமத்தை அழிக்கவும் முடியாம, மனசார வெக்கவும் முடியாம இருந்தாங்க. ஒருநாள் அவங்களே அழிச்சிட்டாங்க. ஏன் அன்னிக்குன்னு யாருக்கும் தெரியாது. நீ ஜெயிச்ச நாளு, ஜெயிச்ச நாளுன்னு பேசுனியே, அந்த நாளுக்கு எங்க வீட்டுல என்னா பேருய்யா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கவனியுங்கள், இது தோற்றவர் வீட்டுக் கதை கிடையாது. அந்தப் போரில் நம்மை அடிமையாக வைத்திருந்தவன் தோற்றான். நியாயமான வெற்றி என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். அந்த வெற்றிக்கு ஒரு நாள் லீவு விட்டபோதும், லயத்து வாசலில் ஒரு பொம்பளையால் அதில் சேர முடியவில்லை.

வெற்றிக்கு லீவு என்றதும் தமிழர்களில் பலருக்கு மனதில் ஓடுவது 2009 மே மாதம்தான். எனக்கு அப்போது 11 வயது. அப்பா டிவி முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மே 18-ஆம் தேதி முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. 19-ஆம் தேதி அதிபர் மகிந்த ராஜபக்ச நாடாளுமன்றத்தில் வெற்றியை அறிவித்தார். பேச்சில் கொஞ்சம் தமிழிலும் பேசினார். 20-ஆம் தேதி தேசிய விடுமுறை. கொழும்புத் தெருக்களில் கொடி, பட்டாசு, கிரிபத் என்கிற பாற்சோறு.

அந்தச் சந்தோஷத்தை முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 26 வருடப் போர். பஸ்ஸில் குண்டு வெடிக்கும் என்று பயந்து, புருஷன் ஒரு பஸ், பொண்டாட்டி ஒரு பஸ் என்று போய்க்கொண்டிருந்த ஊர் அது. புலிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படைக்கு இழுத்ததும் நடந்ததுதான். போர் நின்றதே என்று ஒரு தாய் நிம்மதியாக மூச்சு விட்டால் அதில் குற்றம் என்ன இருக்கிறது?

ஆனால் அதே மே 20 அன்று வவுனியா பக்கத்து முகாம்களில் முள்கம்பிக்குள்ளே 2,50,000-க்கும் மேற்பட்ட தமிழர்கள் இருந்தார்கள். அவர்களும் அந்த நாட்டுக் குடிமக்கள்தான், சட்டப்படி அந்த லீவு அவர்களுக்கும் சேர்த்துத்தான். கடைசி மாதங்களில் 40,000 பேர் வரைக்கும்கூடப் பொதுமக்கள் செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. தெற்கில் பாற்சோறு கிண்டிய அதே அரிசி, வடக்கில் கஞ்சியாக நினைவிருக்கிறது. குண்டு விழும்போது அரிசியும் தண்ணியும் உப்புமாகக் கொடுத்த அந்தக் கஞ்சியை இன்றைக்கும் ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சி ஊற்றுகிறார்கள், முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று.

தேசிய விடுமுறை அந்த ஒரு தடவைதான். வெற்றி அணிவகுப்பு மட்டும் வருடா வருடம் தொடர்ந்தது. 2015-இல் மைத்திரிபால சிறிசேன அரசு “வெற்றி நாள்” என்ற பெயரை எடுத்துவிட்டு “நினைவு நாள்” என்று மாற்றியது. பெயர்தானே என்று தோன்றலாம். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. வெற்றி நாள் என்றால் அதில் தோற்றவன் வீட்டுக்காரனுக்கு இடமே இல்லை, நினைவு நாள் என்றால் ஒரு ஓரத்திலாவது உட்காரலாம். ஆனால் பெயர் மாறினால் மட்டும் போதாது என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. புலிகளின் துயிலும் இல்லங்களைப் புல்டோசர் விட்டு இடித்தார்கள். கோப்பாயில் புதைகுழி இருந்த இடத்தின் மேலேயே ராணுவத் தலைமையகம் கட்டினார்கள். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி ராத்திரியோடு ராத்திரியாக இடிபட்டது. மாணவர்கள் சண்டை போட்ட பிறகு அதே நிர்வாகம் திரும்பக் கட்ட அடிக்கல் நாட்டியது. ஒருத்தன் கொண்டாட வேண்டும் என்றால் இன்னொருத்தன் அழக்கூடாது என்ற நிலைக்கு அந்த நாடு போனது. இலங்கையைப் பார்க்கும்போது எனக்குப் புரிகிற முதல் விஷயம் இது.

இதுவரை எழுதுவது சுலபமாக இருந்தது. கொழும்பைத் திட்டுவது நமக்குக் கஷ்டமான வேலை இல்லை.

என் அலமாரியில் ஒரு கறுப்பு டீசட்டை இருக்கிறது. முன்னால் பாயும் புலி, பின்னால் “கடாரம் கொண்டான்”. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக வாங்கியது. 1025 வாக்கில் முதலாம் ராஜேந்திர சோழன் கப்பல் படை அனுப்பி ஸ்ரீவிஜயத்தை அடித்த கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அவனுடைய மெய்க்கீர்த்தி ஊர் ஊராகப் பட்டியல் போடுகிறது: இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் என்று. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததும், யானைகளை எடுத்ததும், நகரத்து வாசலின் வித்யாதர தோரணத்தைக் கொண்டு போனதும் அதில் இருக்கிறது. போன ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தக் கடல் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை ஆடித் திருவாதிரையோடு சேர்த்துக் கொண்டாடினார்கள். இந்தியப் பிரதமரே வந்திருந்தார். அதைப் படித்துவிட்டு எனக்கும் மயிர் கூச்செறிந்தது, மறைக்கமாட்டேன்.

அந்த உற்சாகத்தில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை முடிந்து ஃபுட்சால் ஆடப் போனேன். என்னோடு வேலை செய்கிற மலாய்க்காரத் தோழன், சுங்கைப் பட்டாணிக்காரன், பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். “கடாரம்னா கெடா. எங்க ராஜா கெடாவைப் பிடிச்சாரு” என்று மலாயில் சொன்னேன். அவன் சிரித்தான். “ஓ, எங்க கம்போங்கையா? அப்ப நான் உனக்கு வரி கட்டணுமா?” என்றான். நானும் சிரித்தேன். விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தோம், அவ்வளவுதான். ஆனால் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்ட ராத்திரி இந்தச் சிரிப்பு எனக்குத் திரும்ப வந்தது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தின சண்டையில் செத்தவனுக்காக இன்று வாசலில் காத்திருக்கும் அம்மா யாரும் இல்லை. முள்ளிவாய்க்காலுக்கு இருக்கிறார்கள். அந்த வித்தியாசம் பெரிசு. ஆனாலும், நாம் யாரோடு ஒரே தாமானில் குடியிருந்து, ஒரே கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறோமோ, அவர்கள் ஊரைப் பிடித்த நாளை முதுகில் எழுதிக்கொண்டு திரிகிறேன். அதே மாதிரி ஒரு வாசகத்தை வேறொருத்தன் நம் ஊர் பெயர் போட்டு எழுதிக்கொண்டு நம் தெருவில் நடந்தால் நான் சிரித்திருப்பேனா? தெரியவில்லை. சிரித்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். கடாரத்தை அடிப்பதற்குச் சுமார் இருபது வருடம் முன்னால், ராஜராஜன் காலத்தில், இதே கடாரத்து அரசர் பேரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு புத்த விகாரம் எழுந்தது. சைவரான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்கிற ஊரின் வருமானத்தைக் கொடுத்தார். செப்பேட்டில் இருக்கிறது. இதை யாரும் டீசட்டையில் போடுவதில்லை. என் சுங்கைப் பட்டாணித் தோழனிடம் இந்தக் கதையை நான் தலை நிமிர்ந்து சொல்ல முடியும்.

சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. வீட்டில் போடுகிறேன்.

சரி, அந்தப் பொடியனின் கேள்விக்கு வருகிறேன். மேடையில் நான் அதைக் கையில் கிடைத்த கல்லாக எடுத்து எறிந்தேனே தவிர, யோசிக்கவில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தீபாவளி நெருங்கியிருக்கும் என்பதால் யோசித்ததை எழுதிவிடுகிறேன். தீபாவளி ஒரு போர் வெற்றிக்கு விடுகிற லீவா?

நரகாசுரன் யார்? பூமாதேவியின் பிள்ளை. அவன் விழுந்தபோது, தன் பிள்ளை செத்த நாளை உலகம் விளக்கேற்றிக் கொண்டாடட்டும் என்று அந்தத் தாயே வரம் கேட்டாள் என்று சொல்வார்கள். சில வீடுகளில் நரகாசுரனே சாகும்போது கேட்டதாகச் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் கேட்டது தோற்ற பக்கம். ஜெயித்த கிருஷ்ணர் ‘எனக்கு ஒரு நாள் வையுங்கள்’ என்று கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுகிறோமே, அதைப் பற்றி என் பாட்டி வேறு மாதிரி சொல்வார்: “சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலை முழுகுறோம்ல, அது மாதிரிதான். அவனும் ஒருத்தி பெத்த பிள்ளை.” சாஸ்திரம் தெரிந்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் புராணங்களில் ஜெயித்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நாம் சரியாகக் கவனிப்பதே இல்லை. சூரசம்ஹாரம் பார்க்கக் கூட்டம் அலைமோதும், தலை விழுந்ததும் பாதிப் பேர் பைக்கை எடுத்துவிடுவார்கள். முருகன் சூரனை என்ன செய்தார்? மாமரத்தைப் பிளந்து ஒரு பாதியை மயிலாக்கினார், மறு பாதியைச் சேவலாக்கினார். ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தார், ஒன்றைக் கொடியில் வைத்தார். இன்று நாம் முருகனைக் கும்பிடும்போது சூரனையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம். ராவணன் செத்ததும், செய்ய வேண்டிய காரியங்களைச் செய் என்று விபீஷணனிடம் ராமர் சொல்கிறார். பகை சாவோடு முடிந்தது என்கிறார். கோப்பாயையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குருக்ஷேத்திரம் முடிந்ததும் பாண்டவர்கள் பட்டாசு வெடிக்கவில்லை, ஆற்றங்கரைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனார்கள். அங்கேதான் குந்தி வாயைத் திறந்து, கர்ணனுக்கும் சேர்த்துக் கொடு, அவன் உன் அண்ணன் என்று தருமரிடம் சொல்கிறாள். ஜெயித்து முடித்த பிறகுதான் தான் கொன்றது யாரை என்று தருமருக்குத் தெரிகிறது. அதற்கப்புறம் அவர் ராஜ்யமே வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறார்.

ஆகவே தம்பி, உனக்கு இப்போது பதில் சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். தீபாவளி எங்கள் அணிக்குச் சாட்சி இல்லை. தோற்றவன் அம்மா கேட்டு வாங்கிய நாள் அது. பத்தாங் காலியிலோ வன்னியிலோ பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா யாராவது அப்படிக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. கேட்காதவள் சார்பில் ஒரு அரசாங்கம் நாள் குறித்தால், அதற்குத் தீபாவளியை உதாரணம் காட்டக்கூடாது.

இந்த முடிவோடு நிம்மதியாக இருந்திருப்பேன். கெடுத்தது எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிற வங்காளதேசத்து அண்ணன் ஒருவர். டிசம்பர் 16 அவர்கள் நாட்டில் வெற்றி நாள், தேசிய விடுமுறை. 1971-இல் அந்த நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. சுமார் 93,000 பேர் கைதிகளானார்கள். அந்தப் போரை நடத்தி ஜெயித்த இந்தியா அந்த நாளை விஜய் திவஸ் என்று நினைவுகூர்கிறது, ஆனால் லீவு விடுவதில்லை. வங்காளதேசம் விடுகிறது. இவர் ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு ஹாஸ்டலில் கொடி கட்டி, பிரியாணி போட்டு, எங்களுக்கும் ஒரு டப்பா கொடுப்பார்.

பாட்டி கதையை அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மலாயில் சொன்னார்: “உன் பாட்டி சொல்றது சரி. ஆனா உங்களுக்கு அந்தப் போரை வேற யாரோ ஜெயிச்சுக் கொடுத்தாங்க. எங்க தாத்தாவைச் சுட்டான், வீட்டைக் கொளுத்துனான். அந்த நாள் வரலன்னா எனக்கு நாடே இல்ல, மொழியே இல்ல. அதைக் கொண்டாடக் கூடாதுன்னு நீ எப்படிச் சொல்வே?”

நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்காவிலேயே ஜெனீவா முகாம் என்று ஒன்று இருக்கிறது, பாகிஸ்தான் பக்கம் நின்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட உருதுக்காரர்கள் பல்லாண்டாக நெருக்கியடித்து இருக்கிற இடம், 2008-இல்தான் நீதிமன்றம் அவர்களைக் குடிமக்கள் என்று தெளிவாகச் சொன்னது என்று படித்திருந்தேன். அதை அவரிடம் எடுத்துவிட்டிருக்கலாம். பிரியாணி கொடுத்த மனிதரிடம் பட்டிமன்றம் பேச மனசில்லை. நசுக்கப்பட்டவன் எழுந்து நின்ற நாளும், எழுந்து நின்றவன் இன்னொருத்தனை நசுக்கிய நாளும் காலண்டரில் ஒரே மாதிரிதான் தெரியும். சில சமயம் இரண்டும் ஒரே நாளாகவும் இருக்கும். இந்த இடத்தில் என் கட்டுரை கொஞ்சம் நொண்டுகிறது, நொண்டட்டும்.

இன்றைக்கு அந்த மேடையில் திரும்ப ஏற்றினால் என்ன சொல்வேன்? ஜூலை 31-க்கு லீவு கொடுங்கள் என்றுதான் இன்னமும் கேட்பேன். அந்தப் பிள்ளையின் கேள்வி வர வேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை. ஆனால் அதை வெற்றிக்கான லீவாகக் கேட்கமாட்டேன், செத்தவர்களுக்கான லீவாகக் கேட்பேன். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளுக்கும் பத்தாங் காலி 24 பேருக்கும் சேர்த்து. நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். பிரான்சில் நவம்பர் 11 பொது விடுமுறை. முதல் உலகப்போரில் அவர்கள் ஜெயித்தவர்கள்தான். ஆனால் அந்த நாளின் கனம் கல்லறையிலும் மௌனத்திலும் இருக்கிறது. சோவியத் நாட்டில் மே 9-ஐ வெற்றி நாளாக 1945-இல் விடுமுறை அறிவித்தார்கள். 1948-லிருந்து சாதாரண வேலை நாளாக்கினார்கள். திரும்ப விடுமுறையானது 1965-இல்தான். நிஜமாகப் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் இளமையாக இருந்தவரை அன்றைக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு நரை விழுந்த பிறகு அணிவகுப்பு பெரிசாக வந்தது. பக்கத்தில் சிங்கப்பூர்க்காரன் பிப்ரவரி 15-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறான். 1942-இல் ஜப்பானிடம் விழுந்த நாள். தோற்ற நாளை வைத்துப் பிள்ளைகளுக்கு நாட்டுப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுக்கிறான், சைரன் ஊதுகிறான். லீவு மட்டும் கொடுப்பதில்லை, சிங்கப்பூராச்சே!

எதிரணித் தங்கச்சிக்குக் கோப்பையைக் கொடுத்துவிடலாம் என்று நடுவரிடம் போய்ச் சொன்னேன். “பேசாம இருடா, தீர்ப்பு தீர்ப்புதான்” என்றுவிட்டார். கோப்பை இன்னும் ஐஸ்பெட்டி மேல்தான் இருக்கிறது. அம்மா அதில் மளிகைக்கடை ரசீதுகளைப் போட்டு வைக்கிறார்.

செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. இறந்த திதி தெரியாதவர்களுக்கு அன்றைக்குக் கொடுப்பது வழக்கம். பாட்டியின் அப்பாவுக்கு இத்தனை வருடமும் பாட்டியின் தம்பி, அந்தக் கைக்குழந்தை, கொடுத்து வந்தார். அவர் போன வருடம் போய்விட்டார். அதனால் இந்த வருடம் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாட்டியைக் கூட்டிக்கொண்டு விடியக்காலையில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனேன். நான்தான் உட்கார்ந்தேன். எள்ளும் தண்ணியும் கையில் விட்டுக்கொண்டே ஐயர் கேட்டார், பெயர் என்ன, எங்கே தவறினார்?

பெயரைப் பாட்டி சொன்னார். எங்கே என்பதற்குக் கொஞ்சம் யோசித்தார். “சயாம்னு சொல்லுங்க சாமி. கூடப் போன ஆளுங்க நெறைய பேரு, அவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியாது. அவங்களையும் சேத்துக்குங்க” என்றார். ஐயர் சேர்த்துக்கொண்டார். பிறகு பாட்டி பசியாறக் கேட்டார், போகும் வழியில் ஒரு கடையில் தோசையும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தேன்.